விளம்பர இடைவேளையில் ஜெபம்

எங்கள் வீட்டில் கடவுளுக்கு விளம்பர இடைவேளையைத்தான் ஒதுக்கியிருந்தோம்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. சாப்பாடு முடிந்ததும் அப்பா நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, அப்புறம் ஆளுக்கொரு ஜெபம். நான் தூங்கி வழிவேன், அம்மா காலால் என் காலை இடிப்பாள், அப்பா கண்ணைத் திறக்காமலே "பாப்பா, ஆண்டவர் பாத்துட்டு இருக்கார்" என்பார். பிறகு அந்தப் பாட்டுப் போட்டி வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மட்டும் பாடும் போட்டி. எங்கள் ஜெப நேரத்தில்தான் அதை ஒளிபரப்பினார்கள். ஜெபத்தை முன்னால் தள்ளிப் பார்த்தோம். அப்பா வேலையிலிருந்து வந்து சேரவில்லை. பின்னால் தள்ளிப் பார்த்தோம். எல்லோருக்கும் தூக்கம் வந்தது. பாட்டு போயிற்று. வாசிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. கடைசியில், நிகழ்ச்சியின் நடுவே வரும் நீண்ட இடைவேளையில் டிவியின் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்வது என்று ஒரு ஏற்பாடு உருவாகிவிட்டது. அப்படி யாரும் முடிவு செய்யவில்லை. சோஃபாவில் பள்ளம் விழுவது மாதிரி அது விழுந்தது.

"ஆஃப் பண்ணா திரும்ப வர நேரமாகும்" என்பார் அப்பா.

இடைவேளையின் கடைசி விளம்பரம் ஒரு பற்பசை. திரை முழுக்க நீலமாகும். அந்த நீலம் மூடிய இமைக்குள்ளும் தெரியும். தெரிந்ததும் அப்பா ஆமென் சொல்வார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க இருட்டுக் குழிகளுக்குள், கிரீஸ் வாசனையில், தலைக்கு மேல் தொங்கும் கேபிள்களைப் பார்த்தபடி நிற்கிற மனிதர். சாயங்காலம் அவருக்கு வெளிச்சமும் பாட்டும் தேவைப்படுவது எனக்குப் புரியும். அந்தப் போட்டியில் ஒரு பஸ் டிரைவர் பாடினார். தொப்பையும் வழுக்கையுமாக அப்பா மாதிரியே இருப்பார். அவர் பாடினால் அப்பாவின் உதடுகளும் கூடவே அசையும். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. டிவி பார்ப்பது பாவம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். நான் அப்படித்தான் சொன்னேன் என்று சபையில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. அவர் அடிப்பவரோ கத்துபவரோ அல்ல. முகத்துக்கு நேராக ஏதாவது கேட்டால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். அதனால் சொல்ல வேண்டியதை ஜெபத்தில் சொல்வோம். "ஆண்டவரே, சமையலறைக் குழாய் ஒழுகுறது உமக்குத் தெரியும்" என்று அம்மா உருகுவாள். மறுநாள் காலையில் குழாய்க்குப் புது வாஷர் மாட்டியிருக்கும். "ஆண்டவரே, இந்த நர்சிங் படிப்பு எனக்கு ஒத்துவரல, ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருது" என்று நான் ஒருமுறை அழுதேன். அதே வாரத்தில் அப்பா கல்லூரிக்குப் போய் என் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிவந்து மேசையில் வைத்தார். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணை மூடிக் கேட்பார், ஆமென் சொல்வார், செய்து முடிப்பார். இதைவிடப் பெரிய அன்பு வேறு இருக்க முடியாது என்று நினைத்துத்தான் வளர்ந்தேன்.

எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை எங்கள் சபைக்காரர்தான். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். கல்யாணத்துக்கு ஷூ வாங்க என்னைக் கூட்டிப் போனார். ஒரே ஷூவைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, குனிந்து நிமிர்ந்தே கடைக்காரர் களைத்துவிட்டார். "விடுங்க, இவர் இந்த ஷூவையே கட்டிக்கட்டும், நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். கடையை விட்டு இறங்கும்போது, மாடிப்படியில் ஆளில்லாத திருப்பம் வந்ததும் என் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். உள்ளே ஏதோ சொடுக்கியது.

"என்னப் பாத்து இன்னொருத்தன் சிரிக்கிற மாதிரி பேசாத. புரியுதா?"

குரல் உயரவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கீழே இறங்கியதும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். வலது கையால் பிடிக்க முடியாமல் இடது கையால் வாங்கினேன். "இடது கைப் பழக்கமா உனக்கு? சொல்லவே இல்ல" என்றார்.

நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறேன். லென்ஸ்களை ஃபிரேமின் வடிவத்துக்கு அரைத்து, விளிம்பைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கல் சுழலும்; விரல் கொஞ்சம் நடுங்கினாலும் லென்ஸ் வீண். மறுநாள் காலையில் லென்ஸ் என் விரலிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. கூட வேலை செய்கிற அக்கா என் மெஷினை நிறுத்தினாள்.

"என்னடி கையில?"

"மாடிப்படியில வழுக்கிட்டேன்க்கா."

"மாடிப்படிக்கு விரல் இருக்கா? பதிஞ்சிருக்கு பாரு."

சொன்னேன். அக்கா கையிலிருந்த துடைக்கும் துணியைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"வீட்டுல சொல்லிட்டியா?"

"இன்னைக்கு ஜெபத்துல சொல்லணும்."

"ஜெபத்துலயா? ஏன், உங்கப்பா வெளிநாட்டுலயா இருக்கார்?"

"எங்க வீட்டுல அப்படித்தான்க்கா."

"ஒரே சோஃபாவுல உக்காந்துகிட்டு பரலோகம் வழியா பேசுவீங்களா? ரோமிங் சார்ஜ் ஆகாது?"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் கையும் அசைந்து வலித்தது.

அக்காவுக்கு விளையாட்டு, எனக்கு நாள் இல்லை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். வருகிற ஞாயிறு எங்கள் முதல் வாசிப்பு. அது சபை முழுவதற்கும் முன்னால் கொடுக்கிற வாக்கு மாதிரி. அதற்கு முன்னால் அப்பா கேட்டாக வேண்டும்.

அன்று சாயங்காலம் அரையிறுதிச் சுற்று. இடைவேளை முடிந்ததும் பஸ் டிரைவர் பாட வேண்டும். அப்பா சத்தத்தை நிறுத்தினார். அம்மா இரண்டு வரியில் முடித்துக்கொண்டாள். நான் ஆரம்பித்தேன். வழக்கத்தைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

"ஆண்டவரே, அவர் என் கைய முறுக்கினார். நான் விளையாட்டா ஒண்ணு சொன்னதுக்கு. எனக்குப் பயமா இருக்கு. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி அப்பா பாஸ்டர்கிட்ட சொல்லி நிறுத்தணும். நீர்தான் அப்பாவுக்கு..."

இமைக்குள் நீலம் பரவியது.

"ஆமென்" என்றார் அப்பா.

கைதட்டல் சத்தம் அறை முழுக்கக் கொட்டியது. பஸ் டிரைவர் மேடைக்கு வந்து வணங்கினார். நான் கண்ணைத் திறந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் உதடுகள் பாட்டோடு அசைந்துகொண்டிருந்தன. அம்மாவும் மெல்லத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அம்மா என் மணிக்கட்டுக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. ஜெபத்தில் சொன்னதை வெளியில் பேசக் கூடாது. அது அப்பாவின் வேலை. நான் காத்திருந்தேன். அப்பா காலையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார், வந்தார், சாப்பிட்டார், பாட்டுக் கேட்டார். எனக்குள் ஒரு கல் சுழல ஆரம்பித்தது. தண்ணீர் இல்லாமல் சுழலும் கல்.

சமையலறையில் அம்மாவைப் பிடித்தேன்.

"அம்மா, அப்பா ஏன் ஒண்ணும் பண்ணல?"

"அப்பா காதுல போட்டாச்சுல்ல? பொறு."

"எவ்வளவு நாள் பொறுக்கறது?"

அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அப்பா கேட்டுட்டு ஒண்ணும் பண்ணலன்னா, கல்யாணம் நடக்கட்டும்னு நினைக்கிறார்னு அர்த்தம். அவர் யோசிக்காமலா இருப்பார்?"

"நீ என்ன நினைக்கிற?"

"நான் என்ன நினைக்கிறது? அவரே கேட்டுட்டார்."

அம்மா துணிகளைப் பிரித்துத் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். யாருடைய இடுப்பு எவ்வளவு பெருத்தது, யாருடைய தோள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தவுடன் சொல்வாள். தன் மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "நான் என்ன நினைக்கிறது?" என்று கேட்டாள்.

பாஸ்டருக்கு நானே போன் செய்தேன். "அறிவிப்ப எழுதிக் கொடுத்தது அப்பாம்மா, அப்பாவே சொல்லட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாப் பிள்ளைகளுக்கும் மனசு அலையும்" என்றார். நான் கையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெபித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். எல்லோரும் ஆமென் சொல்வதில் எவ்வளவு வேகம்!

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா அரையிறுதியின் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன்.

"தள்ளு பாப்பா, தலை மறைக்குது."

"அப்பா, நான் சொன்னதுக்குப் பதில் சொல்லுங்க."

"என்ன சொன்ன?"

"ஜெபத்துல சொன்னது."

அப்பா எழுந்து போகப் பார்த்தார். நான் வழியை விடவில்லை. அவர் முகத்தில் கூச்சம் இருந்தது. அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. பாடம் படிக்காமல் வகுப்புக்கு வந்த பிள்ளையின் முகம். எனக்குச் சட்டென்று புரிந்தது.

"நீங்க கேக்கவே இல்ல."

"கேட்டேனே... கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு..."

"அவன் என் கைய முறுக்கினான்ப்பா! இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொன்னேன்! ஆண்டவரே ஆண்டவரேன்னு உங்களுக்குத்தான் சொன்னேன், உங்களுக்கு எட்டணும்னுதான் அவ்வளவு சத்தமா சொன்னேன்!"

"எப்ப சொன்ன?"

"உங்க டிரைவர் பாடறதுக்கு முன்னாடி! அவர் என்ன பாடினார்னு கேட்டா ரெண்டாவது அடியில குரல் எங்க உடைஞ்சதுன்னு வரைக்கும் சொல்வீங்க. நான் அதே சோஃபாவுல, உங்க முழங்கை படற தூரத்துல உக்காந்து சொன்னேன்!"

அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "நீங்க கேக்கலையா? அய்யோ, நீங்க கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கீங்கன்னு நினைச்சேனே!"

அப்பாவின் முகம் வெளிறியது. அந்த நொடியில் அவர் என் கையைப் பார்த்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன். அவர் டிவியைப் பார்த்தார். அதை முறைத்தார். போய் ஒயர்களைப் பிடுங்கி, அந்தப் பெரிய பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கதவைக் காலால் தள்ளினார். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டில் போகாமல் மாடிப்படி வழியாக இறங்கினார். தண்டனையாம்.

நான் பின்னாலேயே ஓடினேன். "அப்பா, பாஸ்டருக்கு போன் பண்ணுங்க. அது போதும்."

"பண்றேன், பண்றேன். முதல்ல இந்தச் சனியன் போகட்டும்."

கீழ்வீட்டு நர்ஸ் குப்பைத் தொட்டியருகே நின்றிருந்தார். "வேலை செய்யுதா சார்?"

"நல்லா செய்யுது."

"அப்புறம் எதுக்குத் தூக்கிப் போடறீங்க?"

"பாவம்."

"யாரு, டிவியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் வீட்டு வாசலுக்கு அதை நகர்த்த ஆரம்பித்தார்.

அன்று எங்கள் வீட்டில் ஜெபம் நடந்தது பாருங்கள்! நாற்காலிகள் மறுபடி வட்டமாயின. அப்பாவே பாடினார், அப்பாவே வாசித்தார், அப்பாவே ஜெபித்தார், அப்பாவே அழுதார். தன் பொழுதுபோக்குக்காக மன்னிப்புக் கேட்டார், தன் கண்களுக்காக, காதுகளுக்காகக் கேட்டார். சாப்பாடு ஆறிப்போயிற்று. யாருக்கும் பேச முறை கிடைக்கவில்லை. விளம்பர இடைவேளையிலாவது எனக்கு நாலைந்து வாக்கியம் கிடைத்தது.

முடித்ததும் கேட்டேன்: "பாஸ்டர்?"

"இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா பாப்பா? காலைல முதல் ஆளா போய் நேர்ல சொல்றேன்."

எங்கள் சபை கூடுவது ஒரு மரச்சாமான் கடையின் மேல்தளத்தில். கீழிருந்து வார்னிஷ் வாசனை ஏறிவரும். ஞாயிறு காலையில் அப்பா முதல் ஆளாகத்தான் போனார். ஆனால் படியிலேயே யாரோ பிடித்துக்கொண்டார்கள். டிவி போன செய்தி அதற்குள் பரவியிருந்தது. "அண்ணே, ஆண்டவர் செஞ்சத மேடையேறிச் சாட்சி சொல்லுங்கண்ணே, எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்." அப்பா போய் மைக்கைப் பிடித்தார்.

கூச்சத்தில் எழுந்து போகிற என் அப்பாவை அன்று காணோம். பெட்டியை எப்படித் தூக்கினார், ஒவ்வொரு படியிலும் பிசாசு எப்படிக் காலைத் தட்டினான், நர்ஸ் என்ன கேட்டார் என்று வரிசையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அப்பா நிறுத்தி நிறுத்திப் பேசினார், பஸ் டிரைவர் பாட்டுக்கு நடுவே நிறுத்துவது மாதிரியே. அவருக்கும் ஒரு மேடை கிடைத்துவிட்டது. "என் கண்ணத் திறந்தது என் மகள்தான்!" என்று என்னைக் காட்டினார். அல்லேலூயா என்றார்கள். கைதட்டினார்கள். இரண்டாம் வரிசையில் மாப்பிள்ளையும் எழுந்து நின்று கைதட்டினார்.

அப்பா வியர்வையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். பின்வரிசைக்காரர்கள் எட்டி எட்டிக் கைகுலுக்கினார்கள். நான் அவர் சட்டையை இழுத்தேன். "அப்பா, சொல்லிட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. மறந்துவிட்டார். டிவியைத் தூக்கிப் போட்ட கதையைச் சொல்கிற சுவாரசியத்தில், எதற்காகத் தூக்கிப் போட்டார் என்பதை மறந்துவிட்டார்.

பாஸ்டர் தாளை விரித்து என் பெயரை வாசித்தார், மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம்" என்று வழக்கம்போல் சொல்லி, வழக்கம்போல் தாளை மடித்தார்.

நான் எழுந்தேன்.

"இருக்கு."

"உக்காரும்மா, இது ஆட்சேபணை உள்ளவங்களுக்கு."

"எனக்குத்தான் ஆட்சேபணை."

"நீ பொண்ணாச்சேம்மா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என் குரலை உயர்த்தியது.

"பொண்ணுக்கு இருக்கக் கூடாதா பாஸ்டர்? இவர் என் கைய முறுக்கினார். நான் இவரக் கட்டிக்க மாட்டேன். இத வாரம் முழுக்கச் சொல்லிட்டு இருக்கேன். எல்லாரும் ஆமென் சொல்றீங்களே தவிர யாரும் கேக்கல."

ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பாஸ்டர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கச் சொல்லிவிட்டு, இரு வீட்டாரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நின்றோம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். "சும்மா விளையாட்டுக்குப் பிடிச்சேன் பாஸ்டர்." அவருடைய அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இவ்வளவு பெரிய விஷயம்னா வீட்டுல சொல்ல மாட்டாளா ஒரு பொண்ணு? சபை நடுவுல எங்களக் கேவலப்படுத்தணுமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசினார். மைக்கில் பேசிய குரல் இல்லை.

"சொன்னா. வீட்டுல சொன்னா. நான் பாட்டுக்காகக் காத்துட்டு இருந்தேன்."

"அதான் அந்த டிவியத் தூக்கிப் போட்டுட்டீங்களே சம்பந்தி, அது பண்ணின குழப்பம்..." என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"டிவி ஒண்ணும் பண்ணல" என்றார் அப்பா. "நான்தான் கேக்கல. கல்யாணம் இல்லீங்க. நீங்க கிளம்புங்க."

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவர் முகம் சிரிக்காமல் எப்படி இருக்கும் என்பதை அந்த மாடிப்படிக்குப் பிறகு மறுபடி பார்த்தேன். பாஸ்டரும் பார்த்தார். மடித்த தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். அம்மா முன்னால் வேகமாக நடந்தாள். எனக்குக் கோபம் தீர்ந்துவிடவில்லை. ஒரு நல்ல வாக்கியத்துக்காக ஒரு வாரத்தை மன்னிக்க நான் தயாராக இல்லை. பஸ் நிறுத்தத்தருகே வந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, நின்னு ஒரு சின்ன ஜெபம்..."

"வேண்டாம். ஜெபம் அப்புறம். ஆண்டவர்கிட்ட நான் எல்லாம் சொல்லிட்டேன், அவர் முதல் தடவையே கேட்டுட்டார். இப்ப நீங்க கேளுங்க. என்னப் பாத்துக் கேளுங்க."

அப்பா நடைபாதையில் நின்றார். காது சிவந்தது. போக வழி தேடுகிறவர் மாதிரி சாலையை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவன் வேற என்ன பண்ணினான்?"

சொல்ல ஆரம்பித்தேன். சத்தமாகத்தான் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் திரும்பி வந்து நின்றாள். அப்பா கண்ணை மூடவில்லை.